கேண்டில் வரைபடத்தைப் படிக்கும் முறை: நான்கு விலைகளிலிருந்து ஒரு முடிவு வரை

ஒரு நாளிலோ சில நிமிடங்களிலோ பங்கின் விலை நகர்ந்த விதத்தைக் காட்டும் சிறு படமான கேண்டிலுக்குள் தொடக்கம், உச்சம், அடி, முடிவு என்ற நான்கு விலைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. பங்குச் சந்தையைப் பற்றித் தமிழில் பேசுவோர் பலர் இதைச் சொல்லாமலே டோஜி, ஹேமர், என்கல்ஃபிங் என்று பெயர்ப் பட்டியலில் இறங்கிவிடுவதால், வரைபடம் ஏதோ குறி சொல்கிறது என்ற எண்ணம் புதிதாக வருபவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. பாளையங்கோட்டையின் தேநீர்க் கடைகளில் மாலை நேரத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "ஹேமர் விழுந்திருக்கு, நாளைக்கு ஏறிரும்" என்று பேசுவதை வாரத்தில் இரண்டு முறையாவது கேட்கிறேன். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அந்த ஹேமர் எந்த இடத்தில் விழுந்தது, எவ்வளவு பங்குகள் கைமாறி விழுந்தது, கணிப்பு தவறினால் எந்த விலையில் வெளியேறுவது என்ற மூன்றுக்கும் விடை தெரியாதவரை அதன் பெயர் தெரிந்து ஆவது ஒன்றுமில்லை. இந்த வழிகாட்டி அந்த மூன்று விடைகளை நோக்கித்தான் போகிறது. பெயர்கள் வழியில் வரும்.

முதல் படி: ஒரு கேண்டிலைக் கையால் வரைதல்

சங்கரன்கோவில் பூச்சந்தையில் முகூர்த்த நாளுக்கு முந்தின காலையை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகையின் முதல் கிலோ 600 ரூபாய்க்குக் கைமாறுகிறது. வெளியூர் வியாபாரிகள் போட்டி போட, விலை 820 வரை ஏறுகிறது. வரத்து கூடியதும் 540க்கு இறங்குகிறது. சந்தை கலையும் நேரத்தில் கடைசிக் கிலோ 700க்குப் போகிறது. விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. ஏற்ற இறக்கத்தின் வேகம் மட்டும் பூச்சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குப் பழகியதுதான். கட்டம் போட்ட தாளின் இடப்பக்கத்தில் விலைகளைக் குறித்துக்கொண்டு, தொடக்க விலையான 600க்கும் முடிவு விலையான 700க்கும் இடையில் ஒரு பெட்டி வரையுங்கள். அதுதான் கேண்டிலின் உடல். பெட்டியின் தலையிலிருந்து 820 வரை ஒரு கோடும், அடியிலிருந்து 540 வரை ஒரு கோடும் இழுங்கள்; அவை திரிகள், நிழல் என்றும் சிலர் சொல்வார்கள். முடிவு விலை தொடக்க விலையைவிடக் கூடுதலாக இருப்பதால் பெட்டிக்குப் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு. சீனத்துத் திரைகளில் ஏற்றத்துக்குத்தான் சிவப்பு என்பதால், நிறத்தை நம்பாமல் எந்த விலை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

இப்போது வரைந்த படத்தைப் பார்த்து ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: விலை முதலில் 820க்கு ஏறிவிட்டுப் பிறகு 540க்கு விழுந்ததா, அல்லது முதலில் 540க்கு விழுந்துவிட்டுப் பிறகு 820ஐத் தொட்டதா? படம் சொல்லாது. இரண்டுக்கும் ஒரே கேண்டில்தான். முதல் வகையில், விழுந்த சரக்கைக் கடைசி நேரத்தில் ஆள்கள் தேடி வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது வகையில், உச்சத்தில் வாங்கியவர்கள் சந்தை கலையும்போது நட்டத்தோடு நிற்கிறார்கள். மறுநாள் காலையில் இந்த இரண்டு கூட்டமும் நடந்துகொள்ளும் விதம் வேறாக இருக்கும். ஆகவே ஒரு நாளின் கேண்டில் முக்கியமானதாகத் தோன்றினால், அதே நாளின் பதினைந்து நிமிடக் கேண்டில்களையும் ஒரு முறை திறந்து பார்ப்பது வீண் வேலை அல்ல.

நிறம் ஏமாற்றும் இன்னொரு விதத்துக்கு உண்மையான நாள் ஒன்றே சான்று. மக்களவைத் தேர்தல் முடிவுக்கு முந்தின நாளான 2024 ஜூன் 3 அன்று தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டி 733 புள்ளிகள் உயர்ந்தது. ஆனாலும் அன்றைய கேண்டில் சிவப்பு. முந்தைய வர்த்தக நாளில் 22,530இல் முடிந்த குறியீடு, கருத்துக் கணிப்பின் உற்சாகத்தில் காலையிலேயே 23,338 அருகே தாவித் திறந்து, 23,264 அருகே முடிந்தது. நிறம் அன்றைய தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே ஒப்பிடுகிறது, நேற்றைய விலையை அல்ல. திறந்த விலைக்கு மேலே வாங்க ஆள் இல்லை என்பதைத்தான் அந்தச் சிவப்பு காட்டியது. மறுநாள் குறியீடு ஏறத்தாழ 1,379 புள்ளிகள் விழுந்ததற்குக் காரணம் தேர்தல் முடிவு. கேண்டிலுக்கு அது தெரிந்திருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்கு விலைகளில் முடிவு விலைக்குத்தான் முதல் மரியாதை. திருநெல்வேலி நயினார்குளம் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இதை எந்தப் பாடத்தையும்விடத் தெளிவாகச் சொன்னார்: "காலையில என்ன வெலைக்கு ஏலம் கூவுனோம்ங்கது பெருசில்ல தம்பி. கடைசி மூடைய என்ன வெலைக்குத் தள்ளுனோம்லா, அதாம் நாளைக்குப் பேசும்." தேசியப் பங்குச் சந்தையில் காலை 9:15 முதல் மாலை 3:30 வரை வர்த்தகம் நடக்கிறது. ஆனால் பல ஆண்டுகளாக இருந்துவரும் நடைமுறைப்படி, பெரும்பாலான பங்குகளின் அதிகாரப்பூர்வமான முடிவு விலை கடைசியாகக் கைமாறிய விலை அல்ல. கடைசி அரை மணி நேர வர்த்தகத்தில், ஒவ்வொரு விலையிலும் கைமாறிய எண்ணிக்கைக்கு ஏற்ப எடையிட்ட சராசரி. அதனால்தான் 3:30க்குத் திரையில் ஹேமர்போல் தெரிந்தது, சற்று நேரம் கழித்துப் பார்த்தால் டோஜியாக மாறியிருக்கும். நாள் கேண்டிலைப் பார்த்து முடிவெடுப்பவர் மாலை நான்கு மணிக்கு மேல் வரைபடத்தைத் திறந்தால் போதும்.

இரண்டாம் படி: உடலையும் திரியையும் படித்தல்

இந்த வரைபடம் பங்குக்காகப் பிறந்தது அல்ல, அரிசிக்காகப் பிறந்தது. ஜப்பானின் ஒசாகா நகரில் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசின் ஒப்புதல் கிடைத்தது. களஞ்சியத்தில் இருக்கும் அரிசிக்கான சீட்டும், இன்னும் கைக்கு வராத அரிசியின் விலையும் அங்கே கைமாறின. சகாட்டா ஊரைச் சேர்ந்த அரிசி வணிகர் ஹொன்மா முனேஹிசாவின் பெயரோடு கேண்டிலைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்; இன்றைய வடிவம் அவர் காலத்துக்குப் பின்னர் வந்ததாகவே தெரிகிறது. கார், பிசானம் என்று இரு போகம் கண்ட தாமிரபரணிக் கரையில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. அறுவடை முடிந்ததும் விலை விழும், வீட்டில் குதிர் வைத்திருப்பவர் காத்திருப்பார், கடன் வாங்கி நட்டவர் களத்துமேட்டிலேயே விற்பார். காத்திருக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையிலான இழுபறிதான் கேண்டிலின் உடலும் திரியும்.

நீண்ட பச்சை உடல் என்றால், தொடக்கம் முதல் முடிவு வரை வாங்குபவர்கள் விலையைத் தூக்கிக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். நீண்ட சிவப்பு உடல் அதன் மறுபக்கம். இருபுறமும் திரியே இல்லாத நீண்ட உடலுக்கு மருபொசு என்று பெயர். உடல் சிறுத்து, தொடக்கமும் முடிவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அது டோஜி. அன்றைய இழுபறியில் யாரும் வெல்லவில்லை. கீழ்த்திரி நீண்டிருந்தால், விலையைக் கீழே தள்ளிப் பார்த்தார்கள், அங்கே வாங்க ஆள் இருந்தது என்று பொருள். மேல்திரி நீண்டிருந்தால், மேலே ஏற்றிப் பார்த்தார்கள், அங்கே விற்கக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். இவ்வளவுதான் எழுத்துகள். மற்ற பெயர்கள் எல்லாம் இவற்றைக் கூட்டி எழுதிய சொற்கள்.

நீளம், சிறிது என்பவற்றை அந்தப் பங்கின் வழக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நாள் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் மட்டும் அசையும் பங்கில் ஆறு ரூபாய் உடல் பெரியது. நாளுக்கு இருபது ரூபாய் அசையும் பங்கில் அதே ஆறு ரூபாய் கவனிக்கத்தக்கதே அல்ல. கடைசி இருபது கேண்டில்களை வரிசையாகப் பார்த்தாலே கண்ணுக்கு இது பிடிபட்டுவிடும்.

மூன்றாம் படி: வடிவத்துக்கு முன் இடம்

வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர் இதைப் படித்தால் போதும். சிறிய உடலும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்ட கீழ்த்திரியும், மேலே திரியே இல்லாத அல்லது மிகக் குறைந்த திரியும் கொண்ட கேண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாள்கள் இறங்கிவந்த பங்கில் இது தோன்றினால் பெயர் ஹேமர், அதாவது சுத்தியல். இறக்கம் ஓயலாம் என்பது அதன் குறிப்பு. பல நாள்கள் ஏறிவந்த பங்கில் அதே வடிவம் தோன்றினால் பெயர் ஹேங்கிங் மேன், அதாவது தூக்கில் தொங்குபவன். ஏற்றம் ஓயலாம் என்பது குறிப்பு. வடிவத்தில் ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லை. இடம் மாறியதும் பொருள் தலைகீழாகிவிட்டது. தலைகீழாக நிற்கும் வடிவத்துக்கும் இதே நிலைதான்: உச்சத்தில் அது ஷூட்டிங் ஸ்டார், அடியில் அது தலைகீழ் ஹேமர். பக்கவாட்டில் நகரும் பங்கின் நடுவில் இவற்றில் எது வந்தாலும் அதற்குப் பொருள் இல்லை. அங்கே திருப்புவதற்குப் போக்கே கிடையாது.

எனவே வரைபடத்தைத் திறந்ததும் கடைசிக் கேண்டிலைப் பார்க்காமல், முதலில் வாரக் கேண்டில்களில் இரண்டு ஆண்டுப் படத்தைப் பாருங்கள். விலை முன்பு இரண்டு மூன்று முறை இறங்கி வந்து திரும்பிய மட்டங்களில் கிடைக்கோடு போடுங்கள். அவை தாங்குநிலைகள், வர்த்தகர் பேச்சில் சப்போர்ட். ஏறிப் போய் முட்டித் திரும்பிய மட்டங்கள் தடைநிலைகள், அதாவது ரெசிஸ்டன்ஸ். கோட்டை ஒரு ரூபாய்த் துல்லியத்தில் போட முயல வேண்டாம். தாமிரபரணியின் வெள்ளம் படித்துறையில் எந்தப் படி வரை ஏறும் என்று கரையோரத்தார் அறிவார்கள், எந்த அங்குலம் வரை என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல் இதுவும் ஒரு பட்டை. அதன் பிறகே நாள் கேண்டிலுக்கு வாருங்கள். விலை ஏதாவது ஒரு பட்டையின் அருகே இருந்தால் மட்டும் அங்கே விழும் வடிவத்தைப் பொருட்படுத்தலாம். இல்லையென்றால் வரைபடத்தை மூடிவிட்டு அடுத்த பங்குக்குப் போகலாம். இந்த ஒரு விதி பத்தில் ஏழெட்டு வடிவங்களைக் கழித்துவிடும் என்பது என் நோட்டுப் புத்தகத்தின் கணக்கு.

நான்காம் படி: வடிவங்கள்

பெயர் பெற்ற வடிவங்கள் பல டஜன் உண்டு. எனக்குப் பயன்படுபவை ஐந்தாறுதான்.

ஹேமரைச் சொல்லிவிட்டோம். அதற்கு அடுத்தது என்கல்ஃபிங், அதாவது விழுங்கும் வடிவம். இறக்கத்தின் அடியில் ஒரு சிறிய சிவப்பு உடல். மறுநாள் அதைவிடத் தாழ்வாகத் திறந்து, அதன் தலைக்கு மேலே போய் முடியும் பெரிய பச்சை உடல். நேற்று விற்றவர்கள் எல்லோரும் இன்று மாலை வருந்தும் நிலையில் இருக்கிறார்கள் என்பதே இதன் பலம். ஏற்றத்தின் உச்சியில் இதே வடிவம் நிறம் மாறி வந்தால் இறக்கத்தின் குறிப்பு. உடல் உடலை விழுங்க வேண்டும்; திரியை விழுங்கினால் இன்னும் நல்லது, கட்டாயம் இல்லை.

பியர்சிங் லைன் விழுங்கும் வடிவத்தின் இளைய தம்பி: நேற்றைய நீண்ட சிவப்பு உடலுக்குக் கீழே திறந்து, அதன் நடுப்புள்ளிக்கு மேலே முடியும் பச்சைக் கேண்டில். இதன் எதிர்வடிவம் டார்க் கிளவுட், கருமேகம். ஹராமி என்பது நேற்றைய பெரிய உடலுக்குள் இன்றைய சிறிய உடல் அடங்குவது. ஜப்பானிய மொழியின் பழஞ்சொல்லில் சூலி என்று பொருள். மூன்று நாள் வடிவங்களில் மார்னிங் ஸ்டார், ஈவ்னிங் ஸ்டார் இரண்டும் தெரிந்தால் போதும்: நீண்ட உடல், தயங்கும் சிற்றுடல், எதிர்நிறத்தில் நீண்ட உடல். நடுவில் நிற்கும் சிற்றுடல் இருபக்கமும் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பது பழைய இலக்கணம். நம் பங்குகளில் அப்படி அமைவது அரிது, அதற்காக வடிவத்தையே தள்ளிவிட வேண்டியதில்லை.

இறக்கத்தைக் குறிக்கும் வடிவங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் சிறு முதலீட்டாளர் கையில் இல்லாத பங்கை விற்றால் அன்றைக்கே திரும்ப வாங்கியாக வேண்டும். பல நாள்கள் விற்றநிலையில் இருக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம்தான் போக வேண்டும். ஆகவே நாள் வரைபடத்தில் தெரியும் ஈவ்னிங் ஸ்டாரும் கருமேகமும் நம்மைப் போன்றவர்களுக்குப் புதிதாக விற்றுச் சம்பாதிக்கும் வாய்ப்பு அல்ல; கையில் வைத்திருக்கும் பங்கில் பாதியையாவது இறக்கிவைக்கலாமா என்று யோசிக்க வைக்கும் குறிப்பு.

ஒரே மாதத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வடிவத்தின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். மாதம் 2020 மார்ச், பெருந்தொற்றின் தொடக்கம். 12ஆம் தேதி நிஃப்டி 10,040 அருகே திறந்து 9,590இல் முடிந்தது, நீண்ட சிவப்பு. 13ஆம் தேதி காலை 9,108 அருகே திறந்து, 8,555 வரை சரிந்து, 10 சதவீத எல்லையைத் தாண்டியதால் வர்த்தகமே 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியதும் விலை சீறிக்கொண்டு ஏறி, 10,159ஐத் தொட்டு, 9,955இல் முடிந்தது. இலக்கணத்தில் ஓர் எழுத்துக் குறையாத பியர்சிங் லைன். கீழ்த்திரியே ஐந்நூறு புள்ளிகளுக்கு மேல். அதை நம்பி அன்று மாலையே மனத்தில் கணக்குப் போட்டவர்களுக்கு 16ஆம் தேதி திங்கட்கிழமை 757 புள்ளிகள் விழுந்து விடை வந்தது. 13ஆம் தேதி முடிவிலிருந்து ஏழாவது வர்த்தக நாளுக்குள் குறியீடு ஏறத்தாழக் கால் பங்கு சரிந்து 7,511ஐத் தொட்டது.

அந்த 7,511 வந்தது 24ஆம் தேதி. அன்றைய கேண்டில் பார்வைக்கு எளியது: 7,848 அருகே திறந்து 7,801இல் முடிந்த சிறிய உடல், இருபுறமும் நீண்ட திரிகள். யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள். 25ஆம் தேதி 7,735இல் திறந்து 8,318 அருகே முடிந்தது. நேற்றைய உடலை முழுதாக விழுங்கிய பச்சை. 26ஆம் தேதி 8,641இல் முடிந்து, விழுங்கிய கேண்டிலின் உச்சத்தையும் தாண்டியது. மேலோட்டமாகப் பார்த்தால் 13ஆம் தேதிக் கேண்டில்தான் அழகு. வேறுபாடு மறுநாளில் இருந்தது: ஒன்றின் உச்சத்தை மறுநாள் நெருங்கக்கூட முடியவில்லை, மற்றொன்றின் உச்சத்துக்கு மேலே மறுநாள் முடிந்தது. இந்த மறுநாள் சான்றுக்கு உறுதிப்பாடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். குறிப்புத் தந்த கேண்டிலின் உச்சத்துக்கு மேலே ஒரு முடிவு விலை வரும்வரை வாங்குவதில்லை என்பது விதி. இரண்டு நிகழ்ச்சிகளை வைத்து விதி எழுதிவிட முடியாது என்பதும் உண்மை; ஆனால் இந்த விதிக்காக நாம் கொடுக்கும் விலை சில புள்ளிகளின் ஆதாயம் மட்டுமே, மீறியவர் கொடுத்த விலை முதலீட்டில் கால் பங்கு.

ஐந்தாம் படி: பொய் வடிவங்களைக் கழித்தல்

2018இல் என் கையைச் சுட்டது இந்தப் படிதான். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கில், பார்க்கப் பார்க்க அழகான ஹேமர் ஒன்று விழுந்தது. தீபாவளிக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விழ அனுமதித்த எல்லை வரை விலை விழுந்து நின்றது, வாங்க ஆளில்லை. அடுத்த நாளும் அதேபோல். மூன்றாம் நாள் கதவு திறந்தபோது என் பணத்தில் ஏழில் ஒரு பங்கு போயிருந்தது. பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் அந்த ஹேமர் நாளில் மொத்தமே சில நூறு பங்குகள் கைமாறியிருந்தது தெரிந்தது. ஒரே ஒருவர் தவறான விலையில் விற்றதே அந்த நீண்ட கீழ்த்திரி. நான் கூட்டத்தின் மனம் என்று படித்தது ஒருவரின் கைப்பிசகு.

ஆகவே வால்யூம் எனப்படும் கைமாறிய எண்ணிக்கையைப் பாருங்கள். குறிப்புத் தரும் கேண்டிலின் வால்யூம் முந்தைய இருபது நாள் சராசரியைவிட உயர்ந்திருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நான் நிம்மதியடைவேன். தேசியப் பங்குச் சந்தை நாள்தோறும் வெளியிடும் கணக்கில், கைமாறியவற்றுள் எத்தனை உண்மையில் டெலிவரிக்குப் போயின என்பதும் இருக்கும். அன்றே வாங்கி அன்றே விற்றவர்களால் ஊதிய வால்யூமையும், வீட்டுக்கு எடுத்துப் போனவர்களின் வால்யூமையும் அது பிரித்துக் காட்டும்.

ஒற்றைக் கோடாக, உடலும் திரியும் இல்லாமல் நாள் முழுதும் ஒரே விலையில் நிற்கும் கேண்டிலை டோஜி என்று எண்ணிவிட வேண்டாம். அது பெரும்பாலும் சர்க்யூட் எல்லையில் பூட்டிக் கிடக்கும் பங்கு. பங்குப் பிரிப்பு, போனஸ் வந்த நாளில் விலை பாதியாகக் குறைவது வீழ்ச்சி அல்ல, கணக்கு மாற்றம். பழைய விலைகளைச் சரிசெய்யாத வரைபடத்தில் அது மாபெரும் சிவப்புபோல் காட்டும். மணி நேரக் கேண்டில் பார்ப்பவர் கடைசிக் கேண்டிலை மற்றவற்றோடு ஒப்பிடக் கூடாது: 9:15இலிருந்து எண்ணினால் ஆறு மணி நேரம் போக 15 நிமிடம்தான் மிஞ்சும், நாளின் கடைசிக் கேண்டில் அந்தப் பதினைந்து நிமிடம் மட்டுமே. நிறுவனத்தின் காலாண்டு முடிவு நாளைக்கு வர இருக்கிறது என்றால், இன்றைய கேண்டில் எதுவானாலும் ஒதுக்கிவைப்பதே என் வழக்கம்.

ஆறாம் படி: கணக்கு

ஒரு பங்கு 240இலிருந்து இறங்கி, பழைய தாங்குநிலையான 170 அருகே வருகிறது. அன்று 179இல் திறந்து, 168 வரை விழுந்து, 182 வரை ஏறி, 181இல் முடிகிறது, வால்யூமும் கூடுதல். குறையில்லாத ஹேமர். மறுநாள் 185இல் முடிந்து உறுதிப்பாடும் கிடைத்துவிட்டது. உங்களிடம் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு வர்த்தகத்தில் ஒரு சதவீதம், அதாவது 1,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

ஹேமரின் அடி 168. விலை அதற்குக் கீழே போனால் கணிப்பு பொய்த்தது என்று பொருள். ஆகவே நட்டத்தை நிறுத்தி வெளியேறும் விலை, அதாவது ஸ்டாப் லாஸ், 167. வாங்குவது 185 என்றால் ஒரு பங்குக்கு 18 ரூபாய் ஆபத்து. ஆயிரத்தை 18ஆல் வகுத்தால் 55 பங்குகள், 10,175 ரூபாய். இப்போது மேலே பாருங்கள். அடுத்த தடைநிலை 210 என்றால் எதிர்பார்க்கும் ஆதாயம் 25 ரூபாய். பதினெட்டை வைத்து இருபத்தைந்தை எடுப்பதற்கு நான் துணிய மாட்டேன்; குறைந்தது இரண்டு மடங்காவது வேண்டும். வடிவம், இடம், வால்யூம், உறுதிப்பாடு எல்லாம் சரியாக இருந்தும் இந்த வர்த்தகம் தேறவில்லை.

காத்திருக்க முடிந்தால் வேறு கணக்கு இருக்கிறது. உறுதிப்பாட்டுக்குப் பிறகு விலை ஒரு முறை தளர்ந்து 175க்கு வந்து நிற்கலாம். அங்கே வாங்கினால் ஆபத்து 8, ஆதாயம் 35. அதே ஆயிரம் ரூபாய் ஆபத்துக்கு 125 பங்குகள், 21,875 ரூபாய். விலை திரும்பி வராமலே 210க்குப் போய்விடவும் கூடும். போகட்டும். திருநெல்வேலிச் சந்திப்பில் விட்ட பேருந்துக்குப் பின்னால் அடுத்தது நிற்கும், ஓடிப்போய்ப் படியில் தொங்க வேண்டியதில்லை.

டெலிவரியாக வாங்கிய பங்குக்குப் போடும் சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலையோடு காலாவதியாகிவிடும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். குறித்த விலை வரும்வரை ஆர்டரைக் காத்திருக்க வைக்கும், புரோக்கர்கள் தரும் ஜிடிடி வசதியில் போட்டால் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் மறுநாள் காலை விலை 160இல் தாவித் திறந்தால் 167 ஸ்டாப் லாஸ் இருந்தும் 160 அருகேதான் விற்க முடியும். 175க்கு வாங்கியவருக்கு ஒரு சதவீதம் என்று வைத்த எல்லை அன்றைக்கு ஏறத்தாழ இரண்டாகிவிடும். இதற்கு மருந்து இல்லை, சிறிதாக வாங்குவதைத் தவிர. டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி போகும். ஓராண்டுக்குள் விற்ற ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரி. இவற்றையும் கழித்துவிட்டே ஆதாயத்தை எண்ண வேண்டும்.

ஏழாம் படி: பணம் போடாமல் ஐம்பது முறை

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, 2022–23 நிதியாண்டில் பங்குகளை இன்ட்ராடேயாக, அதாவது ஒரே நாளுக்குள், வாங்கி விற்ற தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்தார்கள்; பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்றாண்டுகளில் நட்டமடைந்த தனிநபர்கள் 93 சதவீதம். இவர்களில் பலருக்கு ஹேமரும் டோஜியும் நன்றாகவே தெரிந்திருக்கும். எனவே ஐந்து நிமிடக் கேண்டிலில் தொடங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நாள் கேண்டில் மெதுவானது, வேலைக்குப் போகிறவருக்கும் மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும், தவறைத் திருத்திக்கொள்ள ஓர் இரவு இடையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் "நாளைய ஜாக்பாட்" படங்களில் ஸ்டாப் லாஸ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நான் இருந்த ஒரு குழுவில் அதைக் கேட்ட மறுநாளே என்னை நீக்கிவிட்டார்கள்.

பயிற்சிக்குப் பணம் வேண்டாம். நன்றாகக் கைமாறும் ஒரு பங்கின் மூன்றாண்டுக்கு முந்தைய நாள் வரைபடத்தைத் திறந்து, திரையின் வலப்பக்கத்தை ஓர் அட்டையால் மறையுங்கள். அட்டையை ஒரு கேண்டில் அளவு நகர்த்துங்கள். தாங்குநிலை அல்லது தடைநிலை அருகே வடிவம் ஒன்று வந்தால் நிறுத்துங்கள். நோட்டில் தேதி, வடிவம், இடம், வால்யூம், உறுதிப்பாடு வந்ததா, வாங்கும் விலை, ஸ்டாப் லாஸ், இலக்கு என்று எழுதிய பிறகே அடுத்த கேண்டிலைத் திறக்க வேண்டும். அட்டையை முன்பே தூக்கிப் பார்த்துவிட்டு எழுதினால் நோட்டு அழகாக இருக்கும், பயன்படாது. முடிவைச் சிவப்பு மையில் எழுதுங்கள். ஆபத்து 18 ரூபாய் வைத்து 36 ரூபாய் எடுத்திருந்தால் கூட்டல் இரண்டு, ஸ்டாப் லாஸ் அடித்திருந்தால் கழித்தல் ஒன்று.

ஐம்பது பதிவுகள் சேர்ந்ததும் கூட்டிப் பாருங்கள். என் முதல் நோட்டில் ஹேமர் பதினேழு முறை வந்து, கூட்டினால் கழித்தல் மூன்று நின்றது. உறுதிப்பாடு இல்லாதவற்றை அடித்துவிட்டுக் கூட்டினால் கூட்டல் நான்கு ஆனது. ஹராமி ஒன்பது முறை வந்து எந்தப் பக்கமும் சாயவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "ஹராமியைப் பார்க்க வேண்டாம்" என்று எழுதி வைத்தேன், இன்றுவரை பார்ப்பதில்லை. உங்கள் நோட்டில் வேறு கணக்கு வரலாம், வேறு பெயரை அடிக்க வேண்டி வரலாம். அதன் பிறகு உண்மையான பணத்தில் முதல் வர்த்தகம் செய்யும்போது 1,000 ரூபாய் ஆபத்துக்குப் பதிலாக 200 ரூபாய் வைத்துக்கொண்டு, அதே நோட்டில், அதே கட்டங்களில், ஐம்பத்தொன்றாம் வரியாக எழுதுங்கள்.